வெண்ணெய்நல்லூர்ச் சபையும் 'காதுகள்' நாவலும்

தமிழில் பயத்தைப் பற்றி யார் எழுதினாலும் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 1943இல் 'கலைமகளி'ல் வந்த கதை. அதற்கு முன்னும் தமிழில் பேய்க்குப் பஞ்சம் இருந்ததில்லை. காரைக்கால் அம்மையாரின் சுடுகாட்டிலும் கலிங்கத்துப் பரணியின் போர்க்களத்திலும் அவை கூட்டம் கூட்டமாக ஆடியிருக்கின்றன. அவையெல்லாம் மனிதனுக்கு வெளியே நிற்கும் பேய்கள். உள்ளே புகுந்து, உன்னை நீ யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாயோ அவன் நீ இல்லை என்று சொல்லும் பயம் நவீன இலக்கியத்தின் சொத்து என்பது நம்மிடையே நிலவும் அபிப்பிராயம். எனக்கு இது பாதிதான் சரியென்று படுகிறது. அந்தப் பயம் பழையது. அதை ஒருவன் தனியே உட்கார்ந்து, வாய் திறக்காமல் படிக்க நேர்ந்ததுதான் புதியது.

பழையது என்பதற்கு நான் காட்டும் சாட்சி பெரியபுராணம். தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பக்தியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். புத்தூரில் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். முன்பின் அறியாத கிழவர் ஒருவர் வருகிறார். உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டுத் தாலி கட்டு என்கிறார். என்ன வழக்கு? இந்த நாவலூரான் என் அடிமை. மாப்பிள்ளை சிரிக்கிறான். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது எங்கே உண்டு, நீர் பித்தரோ என்கிறான். கிழவர் ஓலையைக் காட்டுகிறார். சிரிப்பு அதோடு நின்றுபோகிறது. மாப்பிள்ளை துரத்திப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறான். பொய்யென்று தெரிந்த ஓலையை இவ்வளவு ஆத்திரத்துடன் யாரும் கிழிப்பதில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் எதைக் கொண்டு நிரூபிப்பாய் என்று சபையார் கேட்கிறார்கள். கிழவர் ஆவணத்தைக் கொடுக்கிறார். கரணத்தான் அதை வாங்கி, சுருளை விரித்து, எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கிறான். நானும் என் வழிவருவோரும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு அடிமை என்று பாட்டன் ஆரூரன் எழுதிக் கொடுத்திருக்கிறான். சாட்சிக் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறார்கள். காப்பிலிருந்து பாட்டனுடைய இன்னொரு கைச்சாத்தை எடுத்துவரச் செய்து ஒப்பிடுகிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. நம்பி, நீ தோற்றாய் என்று தீர்ப்பாகிறது. பந்தலில் பித்தன் என்று வசையாகச் சொன்னது ஓலையில் எசமானனின் பெயராக இருக்கிறது.

ஆவணத்தைக் காட்டி வெண்ணெய்நல்லூரில் தம்மை ஆட்கொண்டதைச் சுந்தரரே திருநாவலூர்ப் பதிகத்தில் சொல்கிறார். அவர் சொல்வது ஒரு குறிப்பு மட்டும். அதை விசாரணையாக விரித்தவர் சோழ அரசில் உயர்ந்த பதவி வகித்த சேக்கிழார். சபை எப்படி நடக்கும், ஓலையை எப்படிச் சோதிப்பார்கள் என்பது அவருக்குத் தொழில்முறைப் பரிச்சயம். உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை எவ்வளவு நுணுக்கமாக வகுத்திருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு, இந்தக் காட்சி வெறும் கவி கற்பனையாகத் தோன்றாது. 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் காவியமும் சபையில் படிக்கப்பட்டதுதான். தில்லையில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடிந்ததாக மரபு. ஒரு சபையில் ஓலை படிக்கப்பட்ட கதையை இன்னொரு சபை ஓலையிலிருந்து கேட்டிருக்கிறது.

இந்தக் காட்சியில் பயங்கரம் முழுவதும் இருக்கிறது. தன் பெயர், தன் குலம், தன் கல்யாணம் எல்லாம் தன்னுடையவையென்று நம்பியிருந்தவன், தான் பிறப்பதற்கு முன்பே விற்கப்பட்டவன் என்று பாட்டனின் எழுத்தாலேயே நிரூபணமாகிறது. ஆனால் நாம் பயப்படுவதில்லை. முடிவு முன்பே தெரியும் என்பது ஒரு காரணம். ஓலையைப் பலர் நடுவில் படித்தார்கள் என்பது அதைவிட முக்கியமான காரணமென்று நினைக்கிறேன். ஐந்து பேர் கேட்டு, ஐந்து பேர் சந்தேகித்து, ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு எவ்வளவு கொடுமையானாலும் அதன் மேல் ஒருவன் நிற்க முடியும்.

நடுநாட்டுக்கு இந்தப் பழக்கம் சபையோடு போய்விடவில்லை. வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டில் இருந்த ஊர். அவருடைய பாரதத்தைத் தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் வாசித்துப் பொருள் சொல்வதும், இரவில் அதையே கூத்தாக ஆடுவதும் இன்றும் நடக்கின்றன. களப்பலிக்குத் தன்னையே கொடுக்கும் அரவான், தூங்குகிற பிள்ளைகளின் தலைகளை நள்ளிரவில் அறுக்கும் அசுவத்தாமன் என்று வில்லி பாரதத்தில் குலைநடுங்கும் இடங்களுக்குக் குறைவில்லை. ஊரே உட்கார்ந்து கேட்கும். பிரசங்கி ஓர் அடியைப் படித்து நிறுத்தி விளக்கும்போது கேட்பவன் மூச்சு விட்டுக்கொள்ளலாம். கடைசியில் மண்ணால் துரியோதனனைக் கிடத்திப் படுகளம் நடக்கிறது, தீமிதி நடக்கிறது. கேட்ட பயத்தைக் காலால் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் இப்படித்தான் திண்ணையில் ஒருத்தர் படிக்கப் பலர் கேட்டது. ஏழு குழந்தைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும் தாயின் கதையை ஒருத்தி ராத்திரியில் தனியாகப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பக்கத்தில் இன்னொருத்தி அழுதுகொண்டிருந்ததால்தான் அது ஒப்பாரியாக முடிந்தது.

நாவல் வந்ததும் இந்தப் பழக்கம் மெல்லக் குலைந்தது. கூடிக் கேட்ட வாசிப்பு தனித்த மௌன வாசிப்பாக மாறியதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறை வாசிப்பின் சமூக வரலாறு. என் அக்கறை அதில் ஒரு சிறு கிளை: பயத்துக்கு என்ன நேர்ந்தது? 'காஞ்சனை'யின் கதைசொல்லி ஓர் எழுத்தாளன். நள்ளிரவில் விழித்திருப்பவன். வாடை வருகிறது, போகிறது. பக்கத்தில் மனைவி இருக்கிறாள், ஆனால் அவளிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள முடியவில்லை. அந்தச் சந்தேகத்தை அவன் நம்மிடம்தான் கொடுக்கிறான். நாமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறோம். சபையில் படித்தால் அந்தக் கதை பாதி செத்துப்போகும்.

மேற்கிலும் இந்த மாற்றத்தின் தழும்பு உண்டு. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன், ஷெல்லி முதலானோர் மழைக்கு வீட்டில் அடைபட்டு, பேய்க்கதைப் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து படித்ததிலிருந்துதான் மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' பிறந்தது. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' கதையும் கிறிஸ்துமஸ் இரவில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்த கூட்டத்தில் ஆரம்பிக்கிறது. ஒருவர் கையெழுத்துப் பிரதியை வரவழைத்துப் படிக்கிறார். பிறகு அந்தக் கூட்டம் கதைக்குள் திரும்ப வருவதே இல்லை. பையன் இறந்ததோடு எழுத்து நின்றுவிடுகிறது. யாரும் பெருமூச்சு விடவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. கேட்டவர்களை ஜேம்ஸ் எங்கே விட்டார்? தனியாகப் படிக்கும் வாசகனை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் இந்த நாற்காலியின் கடைசி எல்லை எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 'மணிக்கொடி'யில் பதின்வயதில் எழுதத் தொடங்கியவர், கும்பகோணத்துக்காரர், சரிகை வியாபாரம் செய்தவர். 1992இல் இந்த நாவல் வந்தபோது அவருக்கு வயது 72. மறு ஆண்டு சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததால் படித்தவர்கள் அதிகம், படித்துவிட்டுப் பேசியவர்கள் குறைவு. மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள் கேட்கின்றன. ஏசுகின்றன, கேலி செய்கின்றன, ஆபாசம் பேசுகின்றன. காளியென்று சொல்லிக்கொள்ளும் குரலும் உண்டு. அவன் முருக பக்தன், குடும்பஸ்தன், கடன்காரன். வெளியே குடும்பம் நடத்திக்கொண்டே உள்ளே இவற்றோடு மல்லுக்கு நிற்கிறான். ஆசிரியர் தாமே பட்ட அனுபவத்திலிருந்து எழுதியது இது. அதனால்தானோ என்னவோ அலங்காரம் என்று ஒரு வரி இல்லை. சுந்தரருக்கு வந்த வழக்கேதான் மகாலிங்கத்துக்கும் வந்திருக்கிறது: நீ உன்னுடையவன் இல்லை, எனக்குரியவன். ஆனால் இங்கே ஓலை கிடையாது, கரணத்தான் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்கக் கைச்சாத்து கிடையாது. வாதியும் சாட்சியும் ஒரே காதுக்குள் இருக்கிறார்கள்.

இந்த நாவலைச் சேர்ந்து படித்தால் என்ன ஆகும் என்பது வெறும் யோசனையாக நின்றுவிடவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் படிப்பவர்கள். முறை வைத்து உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். 'காதுகளை' எடுத்தபோது முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. குரல்களின் பேச்சை எந்தக் குரலில் படிப்பது? நாடகமாகப் படித்தவரைக் கேட்டுச் சிலர் சிரித்தோம். அடுத்தவர் ஏற்ற இறக்கமே இல்லாமல், தாலுகா ஆபீஸில் பத்திரம் படிப்பதுபோலப் படித்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. வசைகள் வந்த இடத்தில் ஒருவர் குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கங்களை அவரவர் மௌனமாகப் படித்துக்கொள்வது என்று முடிவானது. எட்டுப் பேர் ஒரே அறையில் ஒரே பக்கத்தை வாய் திறக்காமல் படித்தோம். 'காஞ்சனை' சபையில் பாதி செத்துப்போகும் என்று மேலே சொன்னேன். 'காதுகள்' சாகவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் மற்றவர் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டது எனக்குத் தெரிந்தது.

விவாதம் இரண்டாகப் பிரிந்தது. இது மனநோய், மருந்து கொடுத்திருந்தால் நாவலே இல்லை என்றது ஒரு கட்சி. இது தெய்வ சோதனை, அருணகிரியின் மரபில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது மறு கட்சி. இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கையில், நாங்கள் சபையாகிவிட்டோம் என்று உறைத்தது. ஓலையை வாங்கி, எழுத்தை ஒப்பிட்டு, தீர்ப்புச் சொல்லிக் கலைந்து போகத் தவிக்கிறோம். நோய் என்ற சொல்லும் தெய்வம் என்ற சொல்லும் எங்களுக்குப் படுகளமாகவும் தீமிதியாகவும் பயன்பட்டன. அதுவரை பேசாதிருந்த ஒருவர் தன் வீட்டிலும் ஒருவருக்குக் குரல் கேட்கிறது என்றார். பத்து வருஷமாகக் கேட்கிறதாம். நாங்கள் பேசிய எதுவும் அந்த வீட்டில் செல்லாது என்று தணிந்த குரலில் சொன்னார். ஆசிரியை ஒருவர் மகாலிங்கத்தின் மனைவியைப் பற்றிக் கேட்டார். இத்தனை குரல்கள் கேட்கும் வீட்டில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லையே, அவள் எதை வைத்துக்கொண்டு அவனோடு இருந்தாள்? அவரே தொடர்ந்து புத்தூருக்குப் போனார். பந்தலில் விடப்பட்ட சடங்கவியின் மகளை எந்தச் சபை கூப்பிட்டு விசாரித்தது? சேக்கிழார் அந்தப் பெண்ணுக்குச் சிவலோகம் கொடுக்கிறார், பெயர் கொடுக்கவில்லை.

இது இலக்கிய விசாரம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். 'காதுகள்' வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் செத்தார்கள். தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையில் அவரவர் வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள். குரல் கேட்கிறவனைக் குறித்து நம் சமூகம் சொல்லிவந்த தீர்ப்பு எவ்வளவு ஸ்தூலமானது என்பதற்கு அந்தச் சங்கிலிகள் போதும். நோயென்றவர்களும் தெய்வமென்றவர்களும் ஒன்றுபோல அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அந்த 28 பேருக்கும் என்ன கேட்டது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அப்படி ஒன்றை உள்ளிருந்து எழுதிவைத்த தமிழ் நாவலாக எனக்குத் தெரிந்தது வெங்கட்ராமுடையதுதான்.

ஆகவே அதைச் சேர்ந்து படிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தீர்ப்புக்காக இல்லை. தனியாகப் படிக்கிறவன் புத்தகத்தை மூடிவிட்டால் தப்பித்தான். எட்டுப் பேர் நடுவில் படிக்கிறவன், தான் படித்ததைப் பக்கத்திலிருப்பவரும் படித்தார் என்பதையும், அவர் வீட்டில் அது வேறு அர்த்தத்தில் இருக்கலாம் என்பதையும் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

பெரியபுராணக் காட்சியின் கடைசியில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு, இந்த ஊரில் உம் வீடு எங்கே, காட்டும் என்று சபையார் கிழவரைக் கேட்கிறார்கள். அவர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய் அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார். சபையார் திகைத்து நிற்கிறார்கள். நம்பி மட்டும் தனியாகத் தொடர்ந்து போய்க் கூப்பிடுகிறார். குரல் அதற்கப்புறம்தான் வருகிறது. சபையின் எல்லையைச் சேக்கிழார் அறிந்திருக்கிறார். அது கோயில் வாசல்வரை கூட வரும். அதுவரை வந்ததே நம்பிக்கு எவ்வளவு துணையாக இருந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த வாசல்வரையில்கூட யாரும் வராத ஒருவனின் கதையை, எண்ணூறு ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்தில் ஒருவர் எழுத வேண்டியிருந்தது.