பட்டிப் பதிவேடு முதல் மைக்ரோசிப் வரை

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஆலத்தியூர், முன்னர் ஒன்றாயிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியைச் சேர்ந்ததாகும். இத்தகைய ஊர்களில், வழிதவறிய மாட்டை அதன் நிறம், கொம்பின் அமைப்பு, மயிர் சுழன்றிருக்கும் இடமாகிய சுழி, காய்ச்சிய இரும்பால் இட்ட சூடு ஆகியவற்றைக் கொண்டே உழவர் இனங்கண்டனர். எனினும், அக்குறிகளை அறிந்தவர் வாழ்ந்த எல்லையைத் தாண்டிய மாடு யாருடையது என்று சொல்ல ஆளில்லை.

பயிரில் மேயும் மாடுகளைப் பிடித்து அடைப்பதற்காக இயற்றப்பட்ட 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், தொலைந்த மாட்டைத் தேடுவதற்கும் ஒரு வழியைத் திறந்தது. பிடிபட்ட கால்நடைகளை அடைத்துவைக்கும் இடமாகிய பட்டியின் காவலர், அவற்றின் எண்ணிக்கை, அங்க அடையாளம், வந்த நாள், நேரம், தெரிந்திருந்தால் உரியவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 7 நாள்களுக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் காவல்நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட்டு, ஊரிலும் அருகிலுள்ள சந்தையிலும் பறையறைந்து அறிவிக்கப்பட்டது. அதன்பின் மேலும் 7 நாள்கள் கழிந்தால் மாடு ஏலத்துக்குச் சென்றது. ஆயினும், அப்பதிவேடு பிடிபட்ட மாட்டை விவரித்ததேயன்றி, அதை உரியவரோடு முன்கூட்டியே இணைக்கவில்லை.

அந்த இணைப்பை நம் காலத்தில் ஏற்படுத்தியது 12 இலக்க எண் பொறித்த காதுவில்லை. கோமாரி நோயையும் கன்றுவீச்சு நோயையும் ஒழிக்க 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் பரவலான இவ்வெண்ணின்கீழ், தடுப்பூசி விவரத்தோடு உரிமையாளர் விவரமும் கணினியில் பதிவாகிறது. காதிலிருந்து வில்லை அறுந்துவிடலாம்; நாய், பூனைகளின் தோலுக்கடியில் செலுத்தப்படும் அரிசி மணியளவான மைக்ரோசிப்போ எளிதில் அகலாது. மின்கலம் இல்லாத அந்த மைக்ரோசிப், ஸ்கேனரை அருகில் கொண்டுசெல்லும்போது மட்டும், பன்னாட்டுத் தரப்படி அமைந்த 15 இலக்க எண்ணை வெளியிடுகிறது. விலங்கு இருக்கும் இடத்தை அது காட்டுவதில்லை.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியுள்ள இந்நாளில், இந்நெடிய வரலாறு உணர்த்தும் உண்மை தெளிவானது: குறி தானாக எதையும் மீட்டுத் தருவதில்லை. முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறியவுடன் பதிவைத் திருத்தும் உரிமையாளரும், கண்டெடுத்த விலங்கைச் சோதிக்க ஸ்கேனர் வைத்திருக்கும் கால்நடை மருந்தகமும் சிற்றூர் வரை அமைந்தாலன்றி, அவ்வெண் உரியவரைச் சென்றடையாது.