மரப்பெட்டி ஸ்பீக்கரின் காலம்

திருவண்ணாமலையில் ஒலிபெருக்கி என்றவுடன் நினைவில் எழுவது குழாய் ஸ்பீக்கரே. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை கொண்ட ஊரில் மனிதக் குரலைத் தொலைவுக்குக் கடத்த உகந்த அக்கருவி, தவிலின் தொப்பி எழுப்பும் ஆழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. அந்த ஆழத்தை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தது தரையில் நிற்கும் மரப்பெட்டி ஸ்பீக்கராகும். இடம், வலம் எனப் பிரித்த ஒலித்தடங்களை இத்தகைய இரு பெட்டிகள் தனித்தனியே ஒலிப்பதே ஸ்டீரியோ முறை. இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' (1978) திரைப்படம், தமிழ்த் திரையிசையில் இம்முறைக்கு முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறது.

1970இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட சோனோடைன் உள்ளிட்ட உள்நாட்டு நிறுவனங்களின் பழைய பெட்டிகளை இன்றும் பேணுவோர், கனத்த மரமும் அகன்ற ஊஃபரும், அதாவது தாழ்சுருதி ஒலிக்கும் பெரிய கூம்பும், தரும் நிறைவு இன்றைய சிறு கருவிகளில் கிட்டுவதில்லை என்பர். இது வெறும் பழமைப் பற்றன்று; பரப்பு மிகுந்த கூம்பு சிறிதளவு அசைந்தாலே நிறையக் காற்றைத் தள்ளுவதால், தாழ்சுருதி சிதையாமல் வெளிப்படுகிறது. ஆயினும் கூம்பைச் சட்டத்துடன் இணைக்கும் நுரைவளையம் ஈரக்காற்றாலும் வெப்பத்தாலும் நைந்து, விரல் பட்டதும் கரும்பொடியாக உதிர்வதுண்டு. அந்நிலையில் பெட்டியையே கழித்துவிடுவது பெரும் இழப்பு, ஏனெனில் காந்தமும் கம்பிச்சுருளும் பழுதின்றி இருந்தால், ரப்பர் வளையம் ஒட்டிய கூம்பு மீண்டும் பல்லாண்டு ஒலிக்கும்.