ஆவியும் பிளவுண்ட குடும்பமும்: ஆங்கிலப் பதின்பருவ நாவலில் அமானுஷ்ய மர்மத்தின் வளர்ச்சி (1954–2011)

பெற்றோரின் மணமுறிவாலோ மறுமணத்தாலோ இறப்பாலோ நிலைகுலைந்த குடும்பத்தைச் சேர்ந்த சிறுவனோ சிறுமியோ, புதிதாகக் குடிபுகுந்த வீட்டில் இறந்தவர் ஒருவரின் நடமாட்டத்தை உணர்ந்து, அதன் பின்னணியைத் துப்புத் துலக்கிக் காணும் கதையமைப்பு, ஆங்கிலச் சிறார் இலக்கியத்தில் இன்று பெருவழக்காக உள்ளது. பேய்க்கதையின் அச்சம், துப்பறியும் கதையின் புதிர், குடும்பக் கதையின் துயரம் ஆகிய மூன்றும் கலந்த இவ்வகை ஒரே நாளில் தோன்றியதன்று. தொடக்கத்தில் ஆவி வீட்டுக்கு உரியதாக இருந்தது. பின்னர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளையின் மனத்தோடு பிணைந்தது. இறுதியில் மனத்துக்கே முழுதும் உரியதாயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த காலப்பகுதி, மேலைநாடுகளின் குடும்பச் சட்டமும் அமானுஷ்யம் பற்றிய அறிவுலகக் கருத்தும் மாறிய காலப்பகுதியோடு பெரிதும் ஒத்துப்போகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முதல் கட்டத்தை லூசி பாஸ்டன் 1954இல் வெளியிட்ட 'த சில்ட்ரன் ஆஃப் கிரீன் நோ' நூலிலிருந்து தொடங்கலாம். தாயை இழந்த டாலி என்னும் சிறுவன், தந்தையும் சிற்றன்னையும் பர்மாவில் இருப்பதால், விடுமுறையைக் கழிக்கக் கொள்ளுப்பாட்டியின் பழைய மாளிகைக்கு அனுப்பப்படுகிறான். பதினேழாம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் இறந்த அக்குடும்பத்துக் குழந்தைகள் அங்கே அவனுக்கு விளையாட்டுத் தோழர்களாகின்றனர். நாலாண்டுகள் கழித்து வந்த பிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' நாவலில், தம்பிக்கு மணல்வாரி கண்டதால் சித்தி வீட்டில் தங்க நேர்ந்த டாம், கூடத்துப் பழைய கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கும் நள்ளிரவில் பின்கதவைத் திறந்து, முந்தைய நூற்றாண்டின் தோட்டம் ஒன்றில் நுழைகிறான். இவ்விரு நூல்களிலும் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவதற்குக் குடும்பச் சூழல் ஒரு வாயிலாக மட்டுமே பயன்படுகிறது. டாலிக்குச் சிற்றன்னை வாய்த்திருப்பது கதையின் சிக்கலாக வளரவில்லை. டாமின் பெற்றோரிடையே பிணக்கு ஏதுமில்லை. கடந்த காலம் இங்கே அச்சுறுத்துவதில்லை. தனிமையிலிருக்கும் பிள்ளைக்கு அது அரவணைப்பாகவே அமைகிறது.

இந்த அரவணைப்பை உடைத்த நூல் ஆலன் கார்னர் 1967இல் எழுதிய 'த அவுல் சர்வீஸ்' ஆகும். பிரிட்டன் நூலகர்களின் அமைப்பு 1936 முதல் சிறந்த சிறார் நூலுக்கு வழங்கிவரும் கார்னகி பதக்கத்தை இது பெற்றது. வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்கு வீடொன்றில் புதிதாக இணைந்த குடும்பம் கோடையைக் கழிக்கிறது: அலிசனின் தாய், ரோஜரின் தந்தையை அண்மையில் மணந்திருக்கிறாள், வீட்டுப் பணிப்பெண்ணின் மகன் குவின் மூன்றாவது இளைஞனாகச் சேர்கிறான். பரணில் கிடைத்த உணவுத் தட்டுகளின் பூவேலைப்பாட்டை அலிசன் தாளில் படியெடுத்து, வெட்டி மடித்து ஆந்தைகளாக்குகிறாள். ஆந்தைகள் காணாமற்போகின்றன, தட்டுகளின் மீதிருந்த வேலைப்பாடும் மறைந்துவிடுகிறது. 'மாபினோகியன்' என்னும் இடைக்கால வேல்ஸ் கதைத்தொகுப்பில், மலர்களால் ஆக்கப்பட்டுப் பின்னர் கணவனுக்குத் துரோகம் இழைத்ததால் ஆந்தையாக மாற்றப்பட்ட பிளோடைவெத் என்ற பெண்ணின் முக்கோணத் துயரம், அப்பள்ளத்தாக்கில் தலைமுறைதோறும் மூவரைப் பற்றிக்கொள்கிறது என்பது மெல்லத் தெரியவருகிறது. இதில் ஆய்வாளர் உற்றுநோக்க வேண்டிய உத்தி ஒன்று உண்டு: அலிசனின் தாய் நாவல் முழுவதிலும் ஒருமுறைகூட நேரில் தோன்றுவதில்லை. அவளுக்கு வருத்தம் நேரக்கூடாது, அவள் மனம் கோணக்கூடாது என்று பிறர் பேசிக்கொள்வதன் வழியாகவே அவள் அறியப்படுகிறாள். ஆயினும் அவ்வீட்டின் ஒவ்வொரு முடிவும் அவளை முன்னிட்டே எடுக்கப்படுகிறது. உயிரோடிருக்கும் தாயே ஆவியைப் போல வீட்டை ஆளும் இந்த அமைப்பில்தான் குடும்பச் சிக்கலும் அமானுஷ்யமும் முதன்முறையாக ஒரே இழையாகத் திரிக்கப்பட்டன எனலாம்.

கார்னரைத் தொடர்ந்து வந்த பதினைந்து ஆண்டுகளில் இவ்வகை செழித்ததற்குப் புறக்காரணங்கள் இரண்டு. முதலாவது சட்டம். இங்கிலாந்தின் 1969ஆம் ஆண்டு மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1971 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, கணவன் மனைவியருள் ஒருவர் குற்றம் புரிந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்து, இல்வாழ்க்கை மீட்கமுடியாதபடி முறிந்துவிட்டது என்பதே போதிய காரணமாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1970இல் ஏறத்தாழ 58,000ஆக இருந்த மணமுறிவுகள் 1972இல் ஏறத்தாழ 1,19,000ஆக உயர்ந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா 1970 முதலும், ஆஸ்திரேலியா 1976 முதலும் குற்றம் காட்டத் தேவையில்லாத மணமுறிவை ஏற்றன. இரண்டாவது காரணம் அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. பொருள்கள் தாமே பறப்பது, சுவர் தட்டப்படுவது போன்ற நிகழ்வுகளை மேலைநாட்டார் 'போல்டர்கைஸ்ட்' என்னும் குறும்புப் பேயின் செயலென்று நம்பிவந்தனர். ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் நாண்டோர் ஃபோடர், இவற்றுக்கு வேர் இறந்தவரிடம் இல்லை, உயிருள்ள ஒருவரின் அடக்கப்பட்ட சினத்திலும் துயரத்திலுமே உள்ளது என்று 1930களிலேயே வாதிட்டார். 1958இல் நியூயார்க் மாநிலத்தின் சீஃபோர்டில் ஒரு வீட்டை ஆராய்ந்த கெய்தர் பிராட், வில்லியம் ரோல் ஆகிய இருவரும் அங்கிருந்த சிறுவனை மையமாகக் கொண்டே தம் விளக்கத்தை அமைத்தனர். 1977இல் வட லண்டனின் என்ஃபீல்டில், தந்தை பிரிந்து சென்றிருந்த ஒரு வீட்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டவை நாளேடுகளில் இடம்பெற்றபோது, இந்த விளக்கம் பொதுமக்களிடமும் பரவியது. இக்கொள்கை அறிவியலாக நிலைபெறவில்லை. ஆனால் புனைகதைக்கு அது அளித்த கொடை பெரிது. 'இந்த ஆவி யாருடையது?' என்னும் பழைய வினாவுடன் 'இது ஏன் இந்தப் பிள்ளையிடம் வந்தது?' என்னும் புதிய வினாவையும் எழுத்தாளர்கள் எழுப்பத் தொடங்கினர்.

அவ்வினாவை மிகக் கடுமையாக எழுப்பியவர் ராபர்ட் வெஸ்டால். 1977இல் வெளிவந்த 'த வாட்ச் ஹவுஸ்' நாவலில், பெற்றோர் பிரியும் காலத்தில் முன்னாள் செவிலியிடம் விட்டுச்செல்லப்பட்ட ஆன் என்னும் சிறுமி, கப்பலுடைவுகளில் உயிர்காக்கும் தொண்டர்களின் கடற்கரைக் காவல்வீட்டில் ஆவிகளை எதிர்கொள்கிறாள். அது முன்னோட்டம் என்றால், 1981இல் கார்னகி பதக்கம் பெற்ற 'த ஸ்கேர்குரோஸ்' அதன் முழுமை. விடுதிப்பள்ளியில் படிக்கும் பதின்மூன்று வயது சைமன், ஏடனில் இறந்த தன் இராணுவத் தந்தையைத் தெய்வமாகப் போற்றுகிறான். தாய் ஜோ மோர்ட்டன் என்ற கேலிச்சித்திரக்காரரை மணந்துகொண்டதை அவனால் பொறுக்க முடியவில்லை. மாற்றாந்தந்தையின் வீட்டெதிரே டர்னிப் கிழங்கு வயலும், அதற்கப்பால் பழைய மாவு ஆலையும் உள்ளன. உலகப் போர்க் காலத்தில் அந்த ஆலையில் கணவன், மனைவி, அவளுடைய காதலன் என்னும் மூவரிடையே கொலை நடந்திருக்கிறது. வயலில் மூன்று சோளக்கொல்லைப் பொம்மைகள் தோன்றுகின்றன. நாளுக்கு நாள் அவை வீட்டை நெருங்குகின்றன. அவற்றை வரவழைத்தது எது என்று வாசகர் தேடும்போது, சைமனின் வெறுப்பே அவற்றுக்கு உணவாகிறது என்னும் விடை கிடைக்கிறது. ஆலையின் மூவரும் தாய், தந்தை, மாற்றாந்தந்தை என்னும் மூவரின் கோரமான நிழல்களாக நிற்கின்றனர். வெஸ்டால் இத்துடன் நின்றுவிடவில்லை. தந்தை முரட்டுத்தனமும் கொடுமையும் நிறைந்தவர் என்பதை அவர் சிறிது சிறிதாக வெளிப்படுத்துகிறார். ஆலையின் மர்மம் துலங்கத் துலங்கக் குடும்பத்தின் மர்மமும் துலங்குகிறது. மறுமணம் புரிந்த தாயின் பக்கமுள்ள நியாயத்தை, அவளை வெறுக்கும் மகனின் கண்வழியாகவே வாசகருக்குப் புலப்படுத்தியது இந்நூலின் அரிய சாதனை. இவ்வகையின் உச்சமாக இதைக் கருதத் தடையில்லை.

தென்கோளத்தில் இவ்வகை வேறொரு முகம் கொண்டது. ஆஸ்திரேலியாவின் ரூத் பார்க் 1980இல் எழுதிய 'பிளேயிங் பீட்டி போ' நாவலின் தலைவியான பதினான்கு வயது அபிகெயில், தந்தை குடும்பத்தை விட்டு நீங்கியபோது, அவர் வழங்கிய லினெட் என்ற பெயரையே துறந்தவள். நாலாண்டுகளுக்குப் பின் தாய் அவரை மீண்டும் ஏற்க விரும்புவதை அறிந்து கொதிக்கும் நிலையில், சிட்னியின் த ராக்ஸ் பகுதியில் ஒரு சிறுமியைப் பின்தொடர்ந்து 1873ஆம் ஆண்டுக்குள் சென்றுவிடுகிறாள். அங்கே ஆர்க்னித் தீவுகளிலிருந்து குடியேறிய வறிய குடும்பத்தோடு வாழ்ந்து, தான் விரும்பியவன் வேறொருத்திக்கு உரியவன் என்பதை ஏற்க நேரும்போது, தாயின் காதலும் துன்பமும் அவளுக்கு விளங்குகின்றன. வெஸ்டாலிடம் கடந்த காலம் பிள்ளையின் சினத்தைப் பெருக்குகிறது; பார்க்கிடம் அது சினத்தைக் கரைக்கிறது. நியூசிலாந்தின் மார்கரெட் மேஹி 'த ஹான்டிங்' (1982), 'த சேஞ்ச்ஓவர்' (1984) ஆகிய இரு நூல்களுக்கும் கார்னகி பதக்கம் பெற்றார். பின்னதில், மணமுறிவுக்குப் பின் புத்தகக்கடையில் உழைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் தாயின் மகள் லாரா, தம்பியின் கையில் முத்திரை குத்தி அவன் உயிரை உறிஞ்சும் ஒருவனிடமிருந்து அவனைக் காக்கிறாள். கார் கிளம்ப மறுப்பதும், பணம் போதாமையும் இந்நாவலில் மந்திரத்துக்கு இணையான கவனம் பெறுகின்றன.

அமெரிக்காவில் விர்ஜீனியா ஹாமில்டனின் 'ஸ்வீட் விஸ்பர்ஸ், பிரதர் ரஷ்' (1982), தாய் வெளியூரில் வேலைசெய்ய, நோயுற்ற அண்ணனைத் தனியே பராமரிக்கும் கறுப்பினச் சிறுமியின் கதையாகும். இறந்த மாமனின் ஆவி அவளுக்குக் காட்டும் காட்சிகள், குடும்பத்தில் பரம்பரையாக வரும் போர்ஃபிரியா என்னும் இரத்தநோயையும், தாய் தன் மகனைக் கொடுமைப்படுத்திய பழங்கதையையும் வெளிப்படுத்துகின்றன. மேரி டவுனிங் ஹானின் 'வெயிட் டில் ஹெலன் கம்ஸ்' (1986) பரவலான வாசகரை எட்டியது. இரு குடும்பங்கள் மறுமணத்தால் ஒன்றாகி, மேரிலாந்தில் வீடாக மாற்றப்பட்ட ஒரு தேவாலயத்தில் குடியேறுகின்றன. அருகிலுள்ள இடுகாட்டில், பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பொறித்த சிறிய கல்லறை ஒன்று உள்ளது. அவை அக்குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுமி ஹெதரின் பெயரெழுத்துகளாகவும் இருக்கின்றன. 1886இல் இறந்த ஹெலனும் ஹெதரும் ஒரே வகைத் தீவிபத்தில் தாயை இழந்தவர்கள். தீக்குத் தாமே காரணம் என்ற சுமையைச் சுமப்பவர்கள். ஹெதர் அதை வாய்விட்டுச் சொன்ன பின்னரே ஹெலனின் பிடி தளர்கிறது. சொல்லாதிருந்த உண்மையைச் சொல்லுதலே பேயோட்டுதல் என்னும் இந்த இலக்கணம் பின்வந்த எண்ணற்ற நாவல்களுக்கு அச்சாயிற்று.

அவ்விலக்கணத்தின் எல்லையைப் பாட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) தொட்டது. புற்றுநோயால் 2007இல் மறைந்த எழுத்தாளர் ஷிவான் டௌட் விட்டுச்சென்ற கருவிலிருந்து உருவான இந்நூல், 2012இல் கார்னகி பதக்கத்தையும், ஜிம் கேயின் ஓவியங்களுக்காகக் கேட் கிரீனவே பதக்கத்தையும் ஒருங்கே பெற்றது. தந்தை அமெரிக்காவில் புதுக்குடும்பத்தோடு வாழ, தாய் நோயில் வாட, சிறுவன் கானரிடம் நள்ளிரவு கடந்து 12:07 மணிக்கு ஒரு யூ மரம் அரக்கனாக வருகிறது. அது மூன்று கதைகளைச் சொல்லி, நாலாவதாக அவன் உண்மையைக் கேட்கிறது. தாயை இழக்கப்போகும் தன் வேதனை எப்படியேனும் முடிந்துபோகட்டும் என்று அவன் உள்ளூர விரும்பியதே அவ்வுண்மை. இங்கே கண்டறியப்பட வேண்டிய பழைய கொலை இல்லை, தேடிப் படிக்க வேண்டிய கல்லறை இல்லை. புதிர் முழுவதும் பிள்ளையின் நெஞ்சுக்குள் அடங்கிவிட்டது. துயரத்தின் சித்திரிப்பில் நெஸ் முந்தையோரை விஞ்சுகிறார் என்பதை மறுக்கமுடியாது. ஆயினும், பியர்ஸின் நள்ளிரவுத் தோட்டத்தில் டாம் சந்திக்கும் சிறுமி ஹாட்டிக்கும் ஹானின் ஹெலனுக்கும் தமக்கென ஒரு வாழ்வும் வழக்கும் இருந்தன. உயிருள்ள பிள்ளை தன் துன்பத்தை அறிவதற்கு முன், வேறொரு காலத்துப் பிள்ளையின் துன்பத்தைப் பொறுமையாகக் கேட்டறிய வேண்டியிருந்தது. அமானுஷ்யம் முற்றிலும் உளவியலாக மாறும்போது இறந்தவருக்குரிய அந்த வழக்கு தள்ளுபடியாகிறது; இவ்வகை நாவல் தன் வளர்ச்சியில் கொடுத்த விலையாக அதையே குறிக்க வேண்டியுள்ளது.