காலால் உழியும் களரிக் கலை

தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம். புத்தகத்தின்மேல் கால் பட்டாலும் அவ்வாறே செய்கிறோம். காலால் தீண்டுவது அவமதிப்பு என்னும் எண்ணம் நம் குருதியில் ஊறியது. ஆயினும், அதே வீட்டில், உழைத்துக் களைத்து வந்த தந்தை பாயில் குப்புறப் படுத்து, "முதுகில் ஏறி மிதி" என்று தம் சிறுவனை அழைப்பதும் உண்டு. அங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அவமதிப்பின் கருவியாக எண்ணப்பட்ட கால், அந்த ஒரு நாழிகைக்கு அன்பின் கருவியாகிவிடுகிறது.

இந்த எளிய வீட்டு வழக்கத்தோடு ஒத்த ஒரு முறையை இலக்கணம் உடைய கலையாக வளர்த்தெடுத்த பெருமை மலையாள நாட்டிற்கு உரியது. அங்கே அதற்குச் 'சவிட்டி உழிச்சில்' என்று பெயர். சவிட்டுதல் என்பது மிதித்தல். குமரி மாவட்டத்துப் பேச்சுத் தமிழில் இச்சொல் இன்றும் உயிரோடு உலவுகிறது. உழிதல் என்பது தடவுதல், நீவுதல். எனவே சவிட்டி உழிச்சில் என்பதற்கு 'மிதித்து நீவுதல்' எனப் பொருள் கொள்ளலாம். மிதித்தல் வன்மையான செயல். நீவுதல் மென்மையான செயல். இவ்விரண்டையும் ஒரே தொடரில் இணைத்த பெயரிலேயே கலையின் இயல்பு முழுவதும் அடங்கிவிட்டது.

நூல் மரபும் களரி மரபும்

காலால் மிதித்து உடலைத் தேற்றும் முறை மிகப் பழமையானது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் வாகபடர், தம் 'அட்டாங்க இருதயம்' என்னும் ஆயுர்வேத நூலில், முன்பனிக் காலத்து ஒழுக்கங்களைக் கூறுமிடத்தில் எண்ணெய்த் தேய்ப்பு, மற்பயிற்சி ஆகியவற்றோடு காலால் மிதிக்கப்பெறுதலையும் சேர்த்துரைக்கிறார். அதனையும் அளவறிந்து செய்க என்று வரம்பு கட்டுகிறார். இந்நூலை மலையாள நாட்டு மருத்துவர்கள் தலைமேற்கொண்டு போற்றினர். நம் சித்த மருத்துவத்திலும் தொக்கணம் என்னும் பிரிவு உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அஃது ஒன்பது வகைப்படும்.

ஆயினும் சவிட்டி உழிச்சில் மருத்துவர் மனையில் மட்டும் வளர்ந்த கலை அன்று. அதனைப் பேணி வளர்த்த இடம் களரி. களரி என்பது போர்ப்பயிற்சிக் கூடம். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரை மட்டத்திற்குக் கீழே தோண்டி, மேலே ஓலைக் கூரை வேய்ந்து அமைப்பது குழிக்களரியின் மரபு. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை விளங்கும். மாணவன் வலக்காலை முதலில் வைத்து உள்ளே இறங்கி, நிலத்தைத் தொட்டு வணங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குவான்.

இக்கலை 11ஆம் நூற்றாண்டில் சேரருக்கும் சோழருக்கும் இடையே நிகழ்ந்த நெடும்போரின் சூழலில் உருப்பெற்றது என்பது வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்சன் பிள்ளையின் கருத்து. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையாளக் கரையில் வாழ்ந்த போர்ச்சுகீசியராகிய துவார்த்தே பர்போசா, நாயர் குலச் சிறுவர்கள் ஏழாம் வயதிலேயே பயிற்சிக் கூடத்திற்கு அனுப்பப்படுவதையும், இளமை தொட்டே அவர்தம் உறுப்புகள் எப்பக்கமும் வளையுமாறு பழக்கப்படுவதையும் வியந்து எழுதியுள்ளார். அவ்வாறு உடலை வளைத்தெடுக்கக் களரி கையாண்ட வழிகளுள் தலையாயது எண்ணெயும் உழிச்சிலும் ஆகும்.

உழியும் முறை

களரியில் உழிச்சில் மூவகைப்படும். உடல் அலுப்பையும் வலியையும் போக்கிச் சுகம் தருவது ஒன்று. அடிபட்ட உடலைக் காத்துக் குணப்படுத்துவது மற்றொன்று. கச்சை கட்டிப் பயிற்சி செய்யும் மாணவனின் உடலை நெகிழ்விப்பது பிறிதொன்று. மூன்றனுக்கும் உரிய சிறந்த பருவம் மழைக்காலம். குறிப்பாக நம் ஆடியோடு பெரும்பாலும் ஒத்துவரும் கர்க்கடக மாதம். வெளியே ஓயாத மழை; வயலில் வேலை ஓய்ந்திருக்கும்; குளிர்ந்த வானத்தின் கீழ் எண்ணெயின் வெம்மையை உடல் விரும்பி ஏற்கும்.

உழிச்சில் பெறுபவர் பாயில் குப்புறக் கிடப்பார். மூலிகை சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் உடல் முழுவதும் பூசப்பெறும். அவருக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். குருக்கள் அக்கயிற்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு காலில் நின்று, மற்றொரு காலின் உள்ளங்காலால் உழிவார். இடுப்பின் அடியிலிருந்து புறப்படும் பாதம் முதுகின் ஒருபுறமாக ஏறித் தோளைக் கடந்து, கைவிரல் நுனி வரையில் இடையறாமல் செல்லும். அவ்வாறே தொடை வழியாகக் கால்விரல் வரையிலும் செல்லும்.

கையிருக்கக் காலால் உழிவானேன் என்று வினவலாம். முதுகெலும்பின் இருபுறமும் கயிறு திரித்தாற்போல் நீண்டு கிடக்கும் தசைகள் தடித்தவை, அடுக்கடுக்காக அமைந்தவை. நெடுநாள் உழைப்பாலும் நிலை பிறழ்ந்த இருப்பாலும் அவற்றின் ஆழத்தில் இறுக்கம் படிகிறது. விரல்களின் வலிமை மேலடுக்கோடு நின்றுவிடும். உழிபவரின் கையும் விரைவில் சோர்ந்துபோகும். பாதமோ அகன்றது. ஆகவே உடலின் எடை ஒரு புள்ளியில் குத்தாமல் பரந்து இறங்குகிறது. வலிந்து அழுத்த வேண்டிய தேவையும் இல்லை, எடையே அழுத்தமாகிவிடுகிறது. ஒரே வீச்சில் நெடுந்தொலைவு நீவ முடிவதும் காலுக்கே வாய்த்த நன்மை.

ஆயின், எடை முழுவதையும் இறக்குவது உழிச்சில் ஆகாது. கயிறு எதற்கு என்பது இங்கேதான் விளங்கும். தம் எடையில் எவ்வளவைக் கயிற்றில் தாங்குவது, எவ்வளவை நின்ற காலில் நிறுத்துவது, எவ்வளவை உழியும் பாதத்தில் விடுவது என்று குருக்கள் நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருப்பார். முதுகெலும்பின்மேல் நேரே மிதிக்கலாகாது. மர்மத் தானங்கள் எனப்படும் உயிர்நிலைகளை அறிந்து விலக வேண்டும். போர்க்களத்தில் பகைவனை வீழ்த்தக் கற்ற அதே மர்ம அறிவு, ஈண்டு மாணவனைக் காக்கப் பயன்படுகிறது. அழிக்கும் இடம் எது என அறிந்தவனே அவ்விடத்தைக் காக்கவும் வல்லவன் ஆகிறான்.

உழிச்சில் ஒரு நாளில் முடிவதன்று. ஏழு நாள், பதினான்கு நாள் என்று தொடர்வது மரபு. அதன்பின் 'நல்லிரிக்கை' என்னும் ஓய்வுக் காலம் உண்டு. பகலுறக்கம், இரவு விழிப்பு, வெயில், கடுவேலை ஆகியன அக்காலத்தில் விலக்கப்படும். உழிச்சிலால் நெகிழ்ந்த உடல் மீண்டும் நிலைபெற அவ்வோய்வு இன்றியமையாதது என்பது முன்னோர் கண்ட முடிவு.

வாள் ஒடுங்கிய காலம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் களரிக்குச் சோதனைக் காலம் பிறந்தது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பழசிராசா 1805ஆம் ஆண்டு நவம்பர் 30இல் உயிர்நீத்தார். அவர் கிளர்ச்சியை ஒடுக்கும் முயற்சியில் மலபாரில் ஆயுதம் தாங்குவோர்மீது கடுமையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. தெற்கே திருவிதாங்கூரில் 1809ஆம் ஆண்டு வேலுத்தம்பியின் எழுச்சி வீழ்ந்தபின் நாயர் படைகள் கலைக்கப்பட்டன. துப்பாக்கி வந்தபின் வாளுக்கு மதிப்புக் குறைந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எஞ்சிய வாய்ப்பையும் சுருக்கிற்று. போர் இல்லாத நாட்டில் போர்ப்பயிற்சிக் கூடத்திற்கு என்ன வேலை? பல களரிகள் புல் மண்டின.

ஆனால் எலும்பு முறிந்தவனும் முதுகு பிடித்தவனும் குருக்களைத் தேடி வருவது நிற்கவில்லை. வாளை உறையிலிட்ட குருக்கள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. கட்டும் உழிச்சிலுமே பல குடும்பங்களில் களரி அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தன. அத்தகைய அரிய மரபுகளைத் தேடித் தேடிக் கற்றவர் கோட்டைக்கல் கணாரன் குருக்கள். அவர்தம் மாணவர் சி. வி. நாராயணன் நாயர், தலைச்சேரி வட்டாரத்தில் களரியை மக்கள் மன்றத்தின்முன் மீண்டும் நிறுத்தினார். நாராயணன் நாயர் 1944இல் மறைந்தாலும், அவர் பெயர் தாங்கிய சி.வி.என். களரி 1956ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் எழுந்தது. அங்கே பயிற்சிக் கூடமும் மருத்துவ நிலையமும் ஒருங்கே அமைந்தன. ஒரு கையால் கலையும் மறு கையால் மருத்துவமும் வழங்கிய பழைய மரபின் தொடர்ச்சியே அது.

அரங்கிற்கு வந்த உழிச்சில்

உழிச்சில் உயிர்பிழைத்த மற்றோர் இடம் கதகளி அரங்கு. 17ஆம் நூற்றாண்டளவில் இராமனாட்டத்திலிருந்து கதகளி வளர்ந்தபோது, களரியில் பழகிய வீரர்களே அதன் நடிகர்களாயினர். உடற்பயிற்சியோடு உழிச்சிலும் அரங்கிற்குள் புகுந்தது. முழங்கால்களை அகல விரித்து, உள்ளங்காலின் வெளிவிளிம்பில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி அரைமண்டியில் நிற்பது கதகளியின் அடிப்படை நிலை. கனமான முடியும் உடையும் சுமந்து இரவெல்லாம் அந்நிலையில் ஆடவேண்டும். இயல்பான உடல் இதற்கு இசையாது. ஆதலின் இளமையிலேயே இடுப்பையும் தொடையையும் முதுகையும் திறந்துவிட வேண்டியதாயிற்று.

வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்தராசாவும் 1930ஆம் ஆண்டில் நிறுவிய கேரள கலாமண்டலமும் இம்மரபை ஏற்றது. மழைக்காலத்து விடியலுக்கு முன்பே மாணவர் எழுந்து, எண்ணெய் பூசிப் பயின்று, ஆசிரியரின் காலடியில் கிடப்பர். இஃது இன்பம் தரும் செயல் என்று கூறிவிட முடியாது. தொடக்க நாள்களில் சிறுவர் கண்ணீர் விடுவதும் உண்டு. வலியைப் பொறுத்தலே பயிற்சி என்று எண்ணிய காலத்தில் சில ஆசிரியரின் கடுமை அளவு கடந்திருக்கவும் கூடும். கலையின் பெருமையைப் பேசுவோர் இச்சிறுவரின் கண்ணீரையும் மறத்தலாகாது.

இன்றைய நிலை

இன்று உழிச்சில் உலகறிந்த பொருளாகிவிட்டது. கடற்கரை விடுதிகளிலும் அயல்நாட்டு நகரங்களிலும் காலால் மிதித்துவிடும் நிலையங்கள் தோன்றியுள்ளன. வடகரையில் ஆண்டுகள் பலவாகக் களரி கற்பித்துவரும் மீனாட்சியம்மா 2017ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றபோது, களரியின் புகழ் மேலும் பரவிற்று. கலை வாழ்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பாதத்தின் அசைவைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். அளவறியும் அறிவை அவ்வாறு கற்க இயலாது. கருவுற்றவர், எலும்பு தேய்ந்தவர், முறிவுற்றவர், காய்ச்சலுற்றவர், குருதிக் கட்டியுடையவர் ஆகியோர் உடலில் கால் வைத்தலாகாது. வந்தவரை நோக்கி, "உமக்கு இது வேண்டா" என்று சொல்லத் தெரியாத இடத்தில் உழிச்சில் வெறும் மிதியாகிவிடும்.

குருக்கள் உழியத் தொடங்குமுன் மாணவன் அவர் பாதம் தொட்டு வணங்குகிறான். அதே பாதம் சற்று நேரத்தில் அவன் முதுகின்மேல் ஏறுகிறது. தன்னை நசுக்கவல்ல எடை முழுவதும் தனக்கு மேலே நிற்பதை அவன் அறிவான். அறிந்தும் கண்மூடிக் கிடக்கிறான். அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவராகத் தம்மை வைத்துக்கொள்வதே குருக்களின் கடமை. கற்பிக்கும் பொறுப்பை ஏற்ற யாவரும், மேலே கட்டிய அந்தக் கயிற்றை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. தம் எடையைத் தாமே தாங்கிக்கொள்ளத் தெரிந்தவரின் காலடியில்தான் பிறர் முதுகு நிமிர்கிறது.