நுரைக்காத சிறுநீர்: திண்டிவனம் பக்கத்து கிட்னிகளும் ஒரு ஊசியின் கதையும்

இந்த எபிசோட் போன மாசம் ஓமந்தூர் பக்கத்துல ஒரு வீட்டுத் திண்ணையில ஆரம்பிச்சது. ஓமந்தூர்னா சென்னைக்காரங்களுக்கு ஓமந்தூரார் எஸ்டேட்தான் ஞாபகத்துக்கு வரும். சட்டமன்றத்துக்காகக் கட்டி, 2014-ல ஆஸ்பத்திரியா மாறின அந்தக் கட்டிடம் இருக்கிற இடம். 1947-ல இருந்து 1949 வரைக்கும் சென்னை மாகாணத்தின் பிரதமரா இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பேர்ல இருக்கு அது. நான் சொல்றது அவரோட சொந்த ஊரை, திண்டிவனம் பக்கம். எங்க அம்மா வழி சொந்தம் எல்லாம் அந்தச் சுத்துவட்டாரம்தான்.

மாமாவுக்கு 54 வயசு. நெல்லு, மல்லாட்டை, கொஞ்சம் கரும்பு. கையில ஒரு லேப் ரிப்போர்ட்டை வச்சிக்கிட்டு என்கிட்ட கேட்டார்: "எனக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல மாப்ள. அப்புறம் எப்படி கிட்னி போவும்?"

ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 4.2. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கு. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்ல சிறுநீர் டெஸ்ட் எடுத்திருக்கார், எல்லாம் நார்மல். பயாப்ஸி எடுத்தா காரணம் தெரியாதான்னு டாக்டர்கிட்ட கேட்டோம். "இப்ப எடுத்தா தழும்புதான் தெரியும். எதனால வந்த தழும்புன்னு தெரியாது. சுருங்கின கிட்னியில குத்தினா ரத்தப்போக்கு ஆபத்தும் அதிகம்"னு சொல்லிட்டார்.

நார்மல்னு சொன்ன அந்த டெஸ்ட் எப்படித் தப்பவிட்டது? அதுக்கு 1827-க்குப் போகணும்.

லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியில ரிச்சர்ட் பிரைட்னு ஒரு டாக்டர். உடம்பு வீங்கி வர்ற நோயாளிங்களோட சிறுநீரை ஒரு ஸ்பூன்ல எடுத்து மெழுகுவர்த்தி மேல காட்டுவார். சிலரோடது முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிஞ்சிடும். காரணம் அதுல இருந்த புரதம். அவங்க இறந்தப்புறம் உடலைத் திறந்து பார்த்தா கிட்னி கெட்டுப்போயிருக்கும். 1827-ல அவர் இதை அச்சில் கொண்டுவந்தார். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல கிட்னி அழற்சி எல்லாத்துக்கும் ஒரே பேர்தான், 'பிரைட் நோய்'. நம்ம ஆபீஸ்ல சர்வர் விழுந்தா 'போஸ்ட்மார்ட்டம்'னு மீட்டிங் போடுவோம் இல்ல? இவங்ககிட்ட இருந்தது நிஜ போஸ்ட்மார்ட்டம் மட்டும்தான். ஓடிட்டிருக்கிற சிஸ்டத்துக்குள்ள எட்டிப் பார்க்க வழி இல்ல.

இங்க கொஞ்சம் உடற்கூறு. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கு. குளோமெருலஸ்னு பேர், மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சுகள். இதெல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டும். அது அவ்வளவும் வெளிய போனா நாம காலி. அதனால ஒவ்வொரு வடிகட்டிக்குப் பின்னாடியும் ஒரு நுண்குழாய் இருக்கு. கிட்டத்தட்ட எல்லாத் தண்ணியையும் திரும்ப இழுத்து ரத்தத்துல விடறது அதோட வேலை.

அழற்சி வடிகட்டியில வந்தா புரதம் ஒழுகும், சிறுநீர் நுரைக்கும், சில சமயம் ரத்தமும் வரும். நுண்குழாய்கள்லயும் அதைச் சுத்தியிருக்கிற திசுவிலயும் வந்தா? புரதம் பெருசா ஒழுகாது. நுரையும் இருக்காது, ஆரம்பத்துல வீக்கமும் இருக்காது. பிரைட்டோட ஸ்பூன்ல ஒண்ணும் திரியாது. இன்னிக்கு கேம்ப்ல சிறுநீரில் முக்கிற அந்தப் பட்டையும் அடிப்படையில பிரைட்டோட ஸ்பூன்தான். மாமாவோட 'நார்மல்' அப்படி வந்ததுதான்.

சரி, உயிரோட இருக்கிறவங்க கிட்னியை எப்பப் பார்க்க ஆரம்பிச்சாங்க? 1944-ல ஸ்வீடன்ல, லுண்ட் நகரத்துல நீல்ஸ் ஆல்வால். டயாலிசிஸ் மெஷினை ஆரம்ப காலத்துல உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். முதுகு வழியா ஊசி விட்டு 13 பேர்கிட்ட கிட்னித் துணுக்கு எடுத்தார். ஒருத்தர் இறந்துட்டார். ஆல்வால் அந்த வேலையை அதோட நிறுத்திட்டார், 1952 வரைக்கும் அதைப் பத்தி வெளியிடவும் இல்ல. அதுக்கு நடுவுல, 1951-ல, கோபன்ஹேகன்ல பவுல் ஐவர்சனும் கிளாஸ் புரூனும் நோயாளியை உட்கார வச்சு ஊசி போட்டுத் தங்களோட முடிவுகளை வெளியிட்டுட்டாங்க. ஆனா பல முறை ஊசியில கிட்னித் திசுவே வராது.

1954-ல சிகாகோவைச் சேர்ந்த ராபர்ட் கார்க், ராபர்ட் மியூர்க்கி ரெண்டு பேரும் ஊசியை மாத்தினாங்க, நோயாளியையும் குப்புறப் படுக்க வச்சாங்க. வயித்துக்கு அடியில முட்டுக் கொடுத்தா கிட்னி முதுகுப் பக்கமா நிக்கும், நகராது. நூத்துல 96 தடவை திசு கிடைச்சது. இன்னிக்கும் பெரும்பாலும் அந்தப் படுக்கைதான். அல்ட்ராசவுண்டும் தானா வெட்டி எடுக்கிற ஊசியும் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

ஒரு பென்சில் முனை தடிமன்ல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் திசு. அதுல ஒரு பத்து இருபது குளோமெருலஸ் இருக்கும். அதை வச்சுத்தான் 'பிரைட் நோய்'ங்கிற ஒத்தைப் பேர் உடைஞ்சது. 1968-ல பாரிஸ்ல ஜான் பெர்ஜே ஒளிரும் சாயத்தை வச்சு, சில நோயாளிங்க வடிகட்டியில ஐஜிஏங்கிற எதிர்ப்புரதம் படிஞ்சிருக்குன்னு காட்டினார். ஒரு வகை ஸ்டீராய்டுக்கு அழகா அடங்கும், இன்னொண்ணு அடங்காது. எதுன்னு பார்க்காம மாத்திரை கொடுக்கிறது குருட்டாம்போக்கு. இந்தியாவிலும் இந்த வேலை பெரிசா நடந்திருக்கு. 1971-ல கிட்னி மாற்று சிகிச்சை செஞ்ச வேலூர் சிஎம்சியில, 1986-ல இருந்து 2002 வரைக்கும் மட்டும் 5,000-க்கு மேல பயாப்ஸி.

ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. யாருக்கு பயாப்ஸி எடுப்பாங்க? பெரும்பாலும் புரதம் ஒழுகுறவங்களுக்கு. அப்ப ஒழுகாத நோய்க்காரங்க இந்தக் கணக்குக்குள்ள சரியா வரவே மாட்டாங்க.

வந்த ஒரு கதை உண்டு. 1992 வாக்குல பிரஸ்ஸல்ஸ்ல, உடம்பு இளைக்க ஒரே கிளினிக்ல மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து கிட்னி போச்சு. பயாப்ஸியில வடிகட்டிங்க பெரும்பாலும் தப்பிச்சிருந்தன, நுண்குழாய்களுக்கு நடுவுலதான் தழும்பு. அந்தத் துப்பு வழியாப் போய், மூலிகையில அரிஸ்டலோகியாங்கிற செடி கலந்திருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. பால்கன் கிராமங்கள்ல 1950-கள்ல இருந்து புரியாம இருந்த ஒரு கிட்னி நோய்க்கும் பின்னாடி இதே வகைச் செடிதான் காரணம்னு தெரிஞ்சது. கோதுமையோட களையா சேர்ந்து மாவுல கலந்திருக்கு. நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையும் இந்தக் குடும்பம்தான். ஆடு தின்னாததைக் கஷாயம் வச்சுக் குடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க.

இதே மாதிரி சத்தமில்லாத கிட்னி நோய் வேற இடங்கள்லயும் கிளம்புச்சு. 1990-கள்ல இலங்கையோட அனுராதபுரம் பக்கம், ஆந்திராவுல உத்தானம், 2002-ல எல் சால்வடார் கரும்புத் தோட்டங்கள். எல்லா இடத்திலும் வெயில்ல உழைக்கிறவங்க, சுகர் இல்லாதவங்க. எல் சால்வடார்ல எட்டுத் தொழிலாளிங்களோட பயாப்ஸி விவரம் 2013-லதான் வெளிவந்தது. வேலையைச் செஞ்சது மறுபடியும் ஸ்வீடன் குழு.

அப்புறம் 2020-ல புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கத்துல இருந்து வந்த கிட்னி நோயாளிங்கள்ல சுமார் பாதிப் பேருக்குத் தெரிஞ்ச காரணம் எதுவும் இல்ல. பெரும்பாலும் விவசாயக் கூலிங்க. பயாப்ஸி எடுக்க முடிஞ்ச சிலர்கிட்ட நுண்குழாய் சுத்தின அழற்சியும் தழும்பும். அவங்க வச்ச பேர் 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி'. சங்க காலத்துல ஓய்மாநாடுன்னு பேர் வாங்கின பூமி இது, தொண்டை நாட்டோட பகுதி. அந்தப் பேரு இப்ப ஒரு நோயோட பேர்ல இருக்கு. படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

காரணம்? வெயில்ல உடம்பு வத்திப்போறது, வலி மாத்திரை, தண்ணி, பூச்சிமருந்துன்னு சந்தேகப் பட்டியல் நீளம். இன்னும் எதுவும் நிரூபணம் ஆகல. நிரூபிக்கணும்னா கிட்னி சுருங்கறதுக்கு முன்னாடியே ஆளைப் பிடிக்கணும். அதுக்கு பிரைட்டோட ஸ்பூன் உதவாது, ரத்தத்துல கிரியேட்டினின் பார்க்கணும். அதுவும் தாமதமாத்தான் ஏறும், பாதி வேலை போனப்புறம்தான். ஒல்லியான ஆளுக்கு 1.4 வந்தா "லேசா ஜாஸ்தி"ன்னு விட்டுடக் கூடாது, தசை கம்மின்னா கிரியேட்டினினும் கம்மியாத்தான் இருக்கணும்.

மாமா வீட்டுல இந்தக் கதையைச் சொல்லி முடிச்சப்ப, எங்கூடவே திண்ணையில இருந்த மாமா பையன் ஒண்ணும் பேசல. என் வயசு, 29. பன்னெண்டு வருஷமா அதே கழனியில அவங்க அப்பாவோட வேலை. மறுநாள் ரத்தம் கொடுத்தான். கிரியேட்டினின் 1.6, சிறுநீரில் புரதம் இல்ல. மூணு வாரம் கழிச்சு எடுத்தப்பவும் அதேதான். ஸ்கேன்ல கிட்னி ரெண்டும் சரியான அளவு. பயாப்ஸி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ரத்தப்போக்கு ஆபத்து கொஞ்சம் உண்டு, ஒரு ராத்திரி அசையாம படுத்திருக்கணும், எல்லாம் விளக்கிச் சொன்னார்.

நேத்து ராத்திரி போன் பண்ணான். "குப்புறப் படுக்கணுமாமே மச்சான், வயித்துக்கு அடியில என்னமோ வைப்பாங்களாமே?"ன்னு கேட்டான். சிகாகோ கதையைத் திரும்பவும் சொன்னேன். வர்ற செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்காங்க. நானும் லீவு போட்டுட்டேன், அதனால அடுத்த வாரம் எபிசோட் வராது.