எரிந்த நூலகமும் இணைய நூலகமும்

யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. 1933இல் க. மு. செல்லப்பா தம்மிடமிருந்த நூல்களைப் பிறர் வாசிக்கக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் கைகொடுக்க, அது பொது நூலகமாக வளர்ந்தது. பின்னர் பெரிய கட்டடம் தேவைப்பட்டபோது, இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959இல் அந்த வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது.

1981 மே மாதக் கடைசியில் தொடங்கிய வன்செயல்களின்போது அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கடையில் கிடைக்கும் புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். ஏட்டுச் சுவடிக்கும் பழைய பத்திரிகைக் கட்டுக்கும் எங்கே போவது? கட்டடத்தைப் பின்னர் திருத்தித் திறந்தார்கள். வேறெங்கும் பிரதி இல்லாமல் எரிந்தவை எரிந்தவைதான்.

2005இல் தன்னார்வலர்கள் சிலர் இணையத்தில் ஒரு நூலகம் தொடங்கினார்கள். அதன் பெயரும் 'நூலகம்'தான். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்து சேர்த்தார்கள். வாசிக்கக் காசு கேட்பதில்லை. பருத்தித்துறையில் அம்மப்பா வாசிக்கும் பக்கத்தை அதே நேரத்தில் ரொறொன்ரோவில் பேரனும் வாசிக்கலாம். ஒரு பிரதி அழிந்தாலும் இன்னொன்று இருக்கும்.

ஆனால் இணையம் தானாக எதையும் தேடிச் சேர்க்காது. யாராவது கடதாசியைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தால்தான் அது திரையில் வரும். முன்பு புத்தகம் தேடி நாங்கள் நூலகத்துக்குப் போனோம். இப்போது நூலகம் எங்கள் அலுமாரிகளைத் தேடி வருகிறது. அச்சுப் புத்தகம் மட்டுமல்ல, அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டும் பாடசாலை மலரும் கோயில் கும்பாபிஷேக மலரும் அதற்கு வேண்டும். ஒரு குடும்பத்தின் வம்சாவளியும் ஒரு கிராமத்தின் பழைய பெயர்களும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன.

வீடு துப்புரவாக்கும்போது பிள்ளைகள் முதலில் எறிவதும் அவற்றைத்தான். எரித்தவர்களைக் குறை சொல்லும் எங்களுக்குக் கறையானைக் கவனிக்கும் கடமையும் உண்டு. பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். எறியுமுன் ஸ்கான் செய்யக் கொடுங்கள். செல்லப்பா தொடங்கியதும் வீட்டிலிருந்த புத்தகங்களோடுதான்.