கோட்டையுமல்ல, கோயிலுமல்ல!

பழங்கட்டடங்களைக் காக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன இரண்டே. ஒன்று கோட்டை, மற்றொன்று கோயில். மன்னன் வாழ்ந்த மனை, ஆண்டவன் வாழ்வதாகச் சொல்லப்படும் மனை — இவ்விரண்டும்தான் வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது. உழைத்தவன் உறங்கிய வீடும், அவன் வியர்வை சிந்திய ஆலையும், அவன் குழந்தை எழுத்தறிந்த கூடமும் இடிந்து மண்ணோடு மண்ணானால், “பழஞ்சுவர்தானே, போகட்டும்!” என்று கூறிவிட்டு நடக்கிறோம்.

அப்படி நடந்துவிடாத ஓர் ஊரின் கதையைத்தான் இங்கே கூற விழைகிறோம்.

ஸ்காட்லாந்தில், கிளைடு ஆறு அருவியாகப் பாய்ந்திறங்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறது நியூ லனார்க் என்னும் சிற்றூர். பெருமை பேச அங்கே கோட்டை இல்லை. வேந்தன் எவனும் அங்கே முடி சூட்டிக்கொண்டதில்லை. மகான் எவனும் அங்கே அற்புதம் புரிந்ததாகக் கதையும் இல்லை. இருப்பனவெல்லாம் மணற்கல்லால் எழுப்பிய சில பஞ்சாலைகள், தொழிலாளர் வாழ்ந்த அடுக்கு வீட்டு வரிசைகள், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம். இந்த ஊரைத்தான் 2001-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது யுனெஸ்கோ!

ஏன் ஏற்றது? அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

டேவிட் டேல் என்னும் வணிகர், நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ஆர்க்ரைட்டுடன் சேர்ந்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணம், ஆற்றுநீரின் வேகம். அந்த வேகம் சக்கரங்களைச் சுழற்றும். சக்கரங்கள் இயந்திரங்களைச் சுழற்றும். 1786-இல் நூற்பு தொடங்கியது. ஆனால் ஆலைக்குள் நிற்க ஆட்கள் வேண்டுமே? எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இருந்த ஏழையர் விடுதிகளிலிருந்து ஏறத்தாழ 500 சிறுவர் சிறுமியர் கொண்டுவரப்பட்டனர். காலை ஆறு மணிக்கு ஆலைக்குள் நுழைந்தால் மாலை ஏழு மணிக்கு வெளிவருவர். அதற்குப் பின்னர் அவர்களுக்குப் பாடம்! டேல் அக்கால முதலாளிகளில் நல்லவர் எனப் பெயர் பெற்றவர். நல்லவரின் ஆலையிலேயே இந்நிலை என்றால், மற்றவர் ஆலை எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

டேலின் மருமகனாக வந்தார் ராபர்ட் ஓவன். வேல்சு நாட்டுச் சிற்றூரொன்றில் 1771-இல் பிறந்து, பத்து வயதிலேயே துணிக்கடை வேலைக்குப் போனவர். 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூ லனார்க் ஆலைகளின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. வந்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்று: தொழிலாளி குடிக்கிறான், பொய் சொல்கிறான், திருடுகிறான் என்கிறீர்களே — அவன் பிறவியிலேயே அப்படியா, அவனை அப்படி ஆக்கியது அவன் வாழும் சூழலா? பிறவிக் குணமென்றும் தலையெழுத்தென்றும் பேசிய உலகில், சூழலே மனிதனை ஆக்குகிறது, சூழலை மாற்றினால் மனிதன் மாறுவான் என்றார் ஓவன். அதை ஏட்டில் எழுதியதோடு நின்றுவிடாமல் ஊரிலே நடத்திக் காட்டினார். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலைக்குள் விட மறுத்தார். வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்தார். ஊர்க் கடையில் நல்ல பொருளை மொத்தமாக வாங்கி மலிவாக விற்கச் செய்து, அதில் கிடைத்த இலாபத்தைப் பள்ளிக்குச் செலவிட்டார். அமெரிக்கா ஏற்றுமதியைத் தடுத்ததால் பஞ்சு கிடைக்காமல் நான்கு திங்கள் ஆலை ஓடாதபோது முழுக்கூலியும் கொடுத்தார்.

1816-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று அவர் திறந்து வைத்த கட்டடத்திற்கு இட்ட பெயர், ‘குண உருவாக்க நிலையம்’. நடக்கத் தெரிந்த குழந்தை முதல் அங்கே இடம் உண்டு. பிரிட்டனின் முதல் குழந்தைப் பள்ளி என்று அதனைக் கூறுவர். முதல் ஆசிரியர்கள் யார் தெரியுமா? ஜேம்சு புக்கானன் என்னும் எளிய நெசவாளியும், மோலி யங் என்னும் 17 வயதுப் பெண்ணும்! புலமையைவிடப் பொறுமையும் குழந்தைகளிடம் அன்பும்தான் ஓவனுக்கு வேண்டியிருந்தன. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, சின்னஞ்சிறு பிள்ளைகளைப் புத்தகத்தைக் காட்டி வதைக்கக் கூடாது. சுவரெங்கும் விலங்குகளின் படங்கள், நாட்டுப் படங்கள். பாட்டு, ஆட்டம், கேள்வி, விடை. இருநூறு ஆண்டுகள் கழித்தும் பிரம்பைத் துணையாகக் கொண்ட ஆசிரியரை நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம், இந்த இடத்தில் சற்று நேரம் வாயடைத்து நிற்பதில் வியப்பில்லை.

வைதிகம் சும்மா இருக்குமா? 1817-இல் இலண்டன் மாநகரில் கூடிய பெருங்கூட்டத்தின் முன், இதுவரை தோன்றிய மதங்கள் அனைத்தும் பிழையில் பிறந்தவை, மனிதன் மனிதனோடு ஒன்றி வாழ முடியாமல் தடுப்பவை அவையே என்னும் கருத்தைத் துணிந்து முழங்கினார் ஓவன். ஏடுகள் எரிந்து விழுந்தன, குருமார் கொதித்தனர். அவருடைய பங்காளிகளுள் ஒருவரான வில்லியம் ஆலன் என்னும் பக்திமான், பள்ளியில் நடனம் கூடாது, வேதநூல் வேண்டும் என்று ஓயாமல் போராடினார். 1824-இல் ஓவன் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அந்த உடன்படிக்கையில், ஆறு வயது நிறைந்த ஆண்பிள்ளைகள் ஸ்காட்லாந்தின் பாவாடை போன்ற உடையை விட்டுக் காற்சட்டை அணிய வேண்டும் என்பதும் ஒரு விதி! குழந்தையின் முழங்காலைக் கண்டே மதம் நடுங்கியிருக்கிறது, பாருங்கள். அதன்பின் ஓவன் அமெரிக்காவுக்குச் சென்று புதிய ஊரொன்று காண முயன்றார், அது நிலைக்கவில்லை.

ஓவனைத் தெய்வமாக்கித் தேங்காய் உடைப்பதற்காக இதனை எழுதவில்லை. அவர் ஆலையில் நூலான பஞ்சில், அமெரிக்க மண்ணில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நீக்ரோ அடிமைகள் பறித்த பஞ்சும் இருந்தது. ஊர் எப்படி நடக்க வேண்டுமென்று தொழிலாளரைக் கேட்டு அவர் முடிவு செய்ததுமில்லை. ஒவ்வொருவர் முன்னும் நாற்புறமும் நான்கு நிறம் தீட்டிய சிறு மரத்துண்டைத் தொங்கவிட்டு, முன்னாள் எப்படி உழைத்தார் என்பதை ஊரறியக் காட்டினார். வெள்ளை மிக நன்று; மஞ்சள் நன்று; நீலம் நடுத்தரம்; கறுப்பு கெட்டது. (கறுப்புச் சட்டைத் தோழர்கள் மன்னிப்பார்களாக!) பிரம்பைவிட அது மேல் என்பது உண்மை. ஆனால் ஒருவரின் உழைப்பை இன்னொருவர் நாள்தோறும் நிறம் பூசி அளப்பது நமக்கு உவப்பாக இல்லை.

ஓவன் போன பின்னும் ஆலைகள் ஓடின. உடைமையாளர் மாறினர், நூற்பு குறைந்து வலையும் கயிறும் துணியும் பெருகின. 1898 முதல் வீடுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் அறைக்கு ஒரு மங்கிய விளக்கு, இரவு பத்து மணிக்கு அதுவும் அணைந்துவிடும்! 1968-இல் ஆலைகள் மூடப்பட்டன. வேலை போனது, வேலை போனதும் மக்களும் போயினர். 1970-இல் ஆலைக் கட்டடங்களை வாங்கியது உலோகக் கழிவைப் பிரித்தெடுக்கும் நிறுவனம். நம் ஊர் வழக்கில் சொன்னால், காயலான் கடை! உலகின் அறிஞர் பலர் தேடி வந்து பார்த்த ஊர், பின்னாளில் ரஷ்யப் பேரரசனான நிக்கலசு இளவரசனாக வந்து கண்டு வியந்த ஊர், பழைய இரும்பும் அலுமினியமும் குவிந்த குப்பைமேடாயிற்று. கூரை ஒழுகிற்று. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

இங்குதான் நாம் கருத்தூன்றிக் காண வேண்டிய பகுதி வருகிறது.

ஆலை மூடுவதற்கு முன்னரே, 1963-இல், வீடுகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றி, சில வீடுகளைச் செப்பனிட்டிருந்தது. பெரும்பணி செய்ய அதனிடம் பணமில்லை. 1974-இல் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று உருவாயிற்று. அதன் முன்னர் இரு வழிகள் இருந்தன. இடித்துத் தள்ளுவது ஒன்று. வேலி போட்டு, பூட்டு மாட்டி, ‘தொடாதே’ என்று பலகை வைத்துக் காட்சிப்பொருளாக்குவது மற்றொன்று. இரண்டையும் விடுத்து மூன்றாவது வழியை அவர்கள் தேர்ந்தனர்: மக்கள் மீண்டும் குடியேற வேண்டும். மக்கள் இல்லாத வீடு எவ்வளவு செப்பனிட்டாலும் மறுபடியும் ஒழுகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வீடுகள் சில வாடகைக்கு விடப்பட்டன, சில விற்கப்பட்டன. வெளிச்சுவர் பழைய தோற்றத்திலேயே நிற்க, உள்ளே குளியலறையும் சமையலறையும் இக்கால வசதியோடு அமைந்தன. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் மண்ணுக்கடியில் சென்றன. கூரைமேல் தொலைக்காட்சிக் கம்பம் கூடாது என்பது ஊர்விதி. வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டங்களின் வழியே வந்தவர்கள் சுவரெடுத்தனர், கூரை வேய்ந்தனர். செய்யச் செய்யத் தொழில் கற்றனர். ஆலைகளோ காயலான் கடையின் பிடியிலேயே இருந்தன. பேசிப் பயனில்லாதபோது சட்டத்தின் துணை நாடப்பட்டது. பொதுநலன் கருதித் தனியார் உடைமையைக் கட்டாயமாக விலைக்கு வாங்கும் ஆணை 1983-இல் பிறந்து, ஆலைகள் அறக்கட்டளையின் கைக்கு வந்தன. ‘என் சொத்து, என் விருப்பம்’ என்ற கூச்சலுக்கு மேலாக ஒரு சமுதாயத்தின் உரிமை நின்ற இடம் அது.

முதல் ஆலை 1998-இல் தங்கும் விடுதியாயிற்று. பதின்மூன்று மணி நேரம் சிறுவர் உழைத்த ஆலைகளில் ஒன்றில் இன்று விருந்தினர் பஞ்சணையில் படுத்துறங்குகின்றனர் என்பது நமக்கு முள்ளாய்க் குத்தத்தான் செய்கிறது. ஆயினும் விடுதியின் வருவாய் ஊருக்கே திரும்புகிறது. அறக்கட்டளை இலாபம் பங்கிடும் நிறுவனமன்று. கடையில் ஈட்டியதைப் பள்ளிக்கு அளித்த ஓவனின் கணக்கும் இதுதானே! முதலாளியின் பைக்குப் போகும் விடுதியாக அது இருந்திருந்தால் நம் கருத்து வேறாக இருந்திருக்கும்.

ஓவனின் பள்ளி மறுபடியும் பள்ளிக்கூடமாகவே தோற்றமளிக்கிறது. விரிந்த வகுப்பறை, சுவரில் படங்கள். இன்றைய மாணவர் வந்து அன்றைய மாணவர் போல் அமர்ந்து பார்க்கின்றனர். குண உருவாக்க நிலையத்தில் ஊரைக் காண வருவோர் கூடுகின்றனர். மூன்றாம் ஆலையில் நூற்பு இயந்திரம் ஒன்று இப்போதும் ஓடுகிறது. பஞ்சுக்குப் பதில் கம்பளி நூல் நூற்று விற்கின்றனர். அன்று சக்கரம் சுழற்றிய அதே கிளைடு ஆறு, அதே ஆலையில் இருக்கும் நீர்ச்சுழலியைச் சுழற்றி இன்று மின்சாரம் தருகிறது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்க அங்கே இப்போது எவரும் இல்லை.